துணுக்கு நிரல்களைத் தூற்றாதீர்!



சென்ற பருவ இறுதியில் நடந்த பெற்றோர் சந்திப்பில் ஒரு தந்தையார் என் எதிரே வந்து அமர்ந்தார். அவர் கையில் மகனுடைய 'துணுக்கேடு' இருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவர் சிலரிடம் நான் தொடங்கி வைத்த பழக்கம் அது. நான்கைந்து வரிகளுக்கு மேற்போகாத குட்டி நிரல்களைக் கணினியில் இயக்கிப் பார்த்துவிட்டு, ஒரு பயிற்சி ஏட்டில் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். தந்தையார் ஏட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் திரையில் ஆமை வரைந்த பூ. இன்னொரு பக்கத்தில் பலாச்சுளைக் கணக்கு. அடுத்த பக்கத்தில் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் சொற்கள். ஏட்டை மூடி மேசைமேல் வைத்தார்.

"சார், இதுக்கா கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன்? எல்லாம் விளையாட்டா இருக்கு. உருப்படியா ஒரு செயலி செய்யச் சொல்லிக் கொடுங்க."

அவர் சினந்து பேசவில்லை. இரவு வேலையை முடித்துவிட்டு உறங்காமல் நேரே பள்ளிக்கு வந்திருந்தார். அவருடைய கவலை உண்மையானது. வரிசையில் இன்னும் பலர் காத்திருந்தமையால் தக்க விடை கூற எனக்கு அன்று இயலவில்லை. அடுத்த வாரம் மாணவன் ஏடின்றி வந்தான். "அப்பா வேணாம்னு சொல்லிட்டாரு, சார்" என்றான். அன்றே சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்று இங்கே எழுதுகிறேன். அந்தத் தந்தையாருக்கு மட்டுமன்று. அவரைப் போலவே எண்ணுகின்ற என் சக ஆசிரியர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெரியவர்கள் சேர்த்த சிறியவை

விளையாட்டு நிரல் சிறுபிள்ளை வேலை என்பது முதல் குற்றச்சாட்டு. கணினித் துறையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லையே!

1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகம் 'ஹாக்மெம்' என்றொரு குறிப்பேட்டை வெளியிட்டது. ஏறத்தாழ இருநூறு துணுக்குகள் அதில் உண்டு. எண் விளையாட்டுகள், வட்டம் வரையும் குறுக்குவழிகள், ஓர் எண்ணின் இருமக் குறிகளை எண்ணும் உத்திகள் எனப் பலவும் கலந்து கிடக்கும். அந்நாளில் உலகின் தலைசிறந்த நிரலர்களாக இருந்தவர்கள் தங்களுக்குள் சொல்லி மகிழ்ந்தவற்றைத் திரட்டி வைத்த ஏடு அது. இன்றும் அதைத் தேடிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

1978ஆம் ஆண்டில் கெர்னிகனும் ரிட்சியும் 'சி' மொழிக்கு எழுதிய நூல், திரையில் உலகுக்கு வணக்கம் சொல்லும் சின்னஞ்சிறு நிரலோடு தொடங்குகிறது. அதனால் ஒரு பயனும் இல்லை. ஒரு வாழ்த்து தெரிகிறது, அவ்வளவே. ஆயினும் எந்த மொழியைக் கற்கத் தொடங்குபவரும் முதலில் எழுதிப் பார்ப்பது அதைத்தான்.

1982ஆம் ஆண்டில் வெளிவந்த கொமடோர் 64 கணினிக்கு ஒற்றை வரி நிரல் ஒன்று உண்டு. வலப்புறம் சாய்ந்த கோடு, இடப்புறம் சாய்ந்த கோடு என்னும் இரண்டில் ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்து திரையில் இடு. மீண்டும் முதலிலிருந்து செய். இவ்வளவுதான் அந்த நிரல். திரை முழுவதும் புதிர்ப்பாதை ஒன்று முடிவின்றி வளர்ந்துகொண்டே போகும். இந்த ஒரு வரியைப் பற்றிப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு முழு நூல் எழுதினர், எம்.ஐ.டி. பதிப்பகம் 2012ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. ஒரு வரியில் ஒரு நூலுக்குரிய பொருளை அறிஞர்கள் காணும்போது, நம் பிள்ளை அதே வரியை ஏட்டில் எழுதி வைத்தால் மட்டும் அது வெட்டி வேலை ஆகிவிடுமா?

நமக்கு இது புதிதா?

'இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு' என்று ஒதுக்குவோரும் உளர். அவர்கள் நம் வீட்டுப் பரணைப் பார்க்காதவர்கள் என்பேன்.

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்ன நூல்? கணக்குப் புதிர்களும் குறுக்குவழிகளும் வெண்பாவிலும் பிற பாவிலும் அடங்கிய திரட்டு. பலாப்பழத்தை அறுக்காமலேயே அதிலுள்ள சுளைகளை எண்ணுவதற்கு அதில் ஒரு வழி கூறப்பட்டுள்ளது. காம்பை ஒட்டியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். இது துணுக்கு நிரல் இல்லையென்றால் வேறு என்ன? தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட 'எழில்' மொழியில் என் மாணவர்கள் இதை எழுதினார்கள்:

முள் = 100
பதிப்பி முள் * 6 / 5

இரண்டே வரி. விடை 120. பிறகு சந்தையில் ஒரு பலாப்பழம் வாங்கி வந்து, முள்ளை எண்ணி, அறுத்துச் சுளையையும் எண்ணினோம். எங்கள் பழத்தில் கணக்கு ஒத்துவரவில்லை! முள்ளை எண்ணியதில் பிழையா, எந்த முள் வரை எண்ணுவது என்று நாம் பாடலைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லையா, வாய்பாடே எல்லாப் பழத்துக்கும் பொருந்தாதா என்று மாணவர்கள் வழக்காடினார்கள். நிரல் பிழையின்றி ஓடினாலும் விடை உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை என்ற பாடத்தை அன்று அவர்கள் கற்றார்கள். நான் நாற்பது நிமிடம் கரும்பலகையில் விளக்கியிருந்தாலும் அது மண்டையில் ஏறியிருக்காது. சுளை தின்ற கையோடு ஏறிவிட்டது.

இன்னும் சொல்கிறேன். தண்டியலங்காரம் சொல்லணியில் சித்திரகவிகளைப் பேசுகிறது. முன்னும் பின்னும் ஒன்றாகவே வரும் மாலைமாற்று அவற்றுள் ஒன்று. திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார். மூன்றாம் திருமுறையில் அது உள்ளது. காளமேகப் புலவரின் சிலேடைகள் இன்று நம் கைக்குக் கிடைத்திருப்பது, யாரோ சிலர் 'சின்னஞ்சிறு பாட்டுதானே' என்று வீசிவிடாமல் தனிப்பாடல் திரட்டில் சேர்த்து வைத்ததனால்தான். வாசலில் அம்மா போட்ட கோலம் கூட வெறும் ஒப்பனையன்று. 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தோரும் கோலங்களை வைத்துப் படங்களுக்கான இலக்கணத்தையே ஆராய்ந்தார்கள். கணினியியல் ஆய்விதழில் ஏறிய கோலம், மாணவனின் ஏட்டில் ஏறக்கூடாதா?

திரையில் ஆமை வரைந்த பூவைத் தந்தையார் பார்த்தாரே, அதுவும் கோலத்தின் உறவுதான். 1967ஆம் ஆண்டில் பிள்ளைகளுக்காகவே உருவான 'லோகோ' மொழியின் வழியாக வந்தது அந்த ஆமை. ஒரு சதுரம் வரை. பத்துப் பாகை திரும்பு. இதை 36 முறை செய். 36ஐப் பத்தால் பெருக்கினால் 360. ஆமை புறப்பட்ட திசைக்கே வந்து நிற்கும், பூ முழுமையடையும். 36க்குப் பதில் 30 என்று இட்டால் பூவில் இதழ்கள் குறைந்து ஓரிடம் வெறுமையாகும். பாகைமானியைக் கையில் எடுக்கவே அஞ்சும் பிள்ளை, ஏன் குறைந்தது என்று தானே கணக்கிடுவான்.

ஒரே கேள்வி, மூன்று விடை

இனி இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருவோம். "ஒரு மொழியை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால் போதாதா? இதில் பைத்தான், அதில் ஜாவாஸ்கிரிப்டு, இன்னொன்றில் எழில் என்று எதற்குப் பல மொழி? பிள்ளை குழம்பிப் போவான்" என்கிறார்கள்.

இதைச் சொல்வது யார் என்று எண்ணிப் பாருங்கள். மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நாம்! நம் பிள்ளை காலையில் நிலா என்று படிக்கிறான். அடுத்த பாடவேளையில் புலான் என்கிறான். அதற்கடுத்து மூன் என்கிறான். அவன் குழம்பவில்லை. சொல் வேறு, பொருள் வேறு என்பதை ஏழு வயதிலேயே உணர்ந்து கொள்கிறான். ஒரு மொழியை மட்டுமே அறிந்த பிள்ளைக்குக் கிட்டாத நன்மை இது. நிரல் மொழியிலும் இதே நன்மை உண்டு என்பதற்கு ஒரே ஒரு துணுக்கைக் காட்டுகிறேன்.

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? முதலாம் ஆண்டு மாணவனைக் கேளுங்கள். த, மி, ழ் என்று விரல் விட்டு மூன்று என்பான். கணினியைக் கேட்போம். பி.எச்.பி. மொழியில் சரத்தின் நீளத்தைக் கேட்டால் 15 என்கிறது. பைத்தான் 3இல் கேட்டால் 5 என்கிறது. ஸ்விஃப்டு மொழியில் கேட்டால் 3 என்கிறது. கேள்வி ஒன்று, விடை மூன்று!

இவற்றுள் எதுவும் பொய் சொல்லவில்லை. ஒருங்குறியில் த, ம, இகரத்தின் துணைக்குறி, ழ, புள்ளி என 5 குறிகளாக அச்சொல் பதிவாகிறது. பைத்தான் அந்தக் குறிகளை எண்ணுகிறது. யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளில் சேமிக்கப்படுகிறது, பி.எச்.பி. அந்தப் பைட்டுகளை எண்ணி 15 என்கிறது. ஸ்விஃப்டு மட்டும் நம் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவதை எண்ணுகிறது. ஒரே மொழியில் நின்றுவிட்ட பிள்ளை, 5 என்ற விடையைக் கண்டு 'கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று போய்விடுவான். மூன்று மொழியில் செய்து பார்த்த பிள்ளைதான், 'எதை எண்ணுகிறாய்?' என்று கணினியைத் திருப்பிக் கேட்பான்.

இதில் விளையாட்டுக்கு அப்பாற்பட்ட ஒன்றும் இருக்கிறது. 'விகடகவி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பின்னாகப் படித்தாலும் விகடகவியே. ஆனால், குறிகளைத் தலைகீழாக்கி ஒப்பிடும் வழக்கமான நிரலில் இதை இட்டால், 'ஒன்றாக இல்லை' என்று விடை வரும். ஏன்? துணைக்குறி வகரத்துக்கு முன்னே போய் அநாதையாக நிற்கும். ஆங்கிலச் சொற்களுக்குப் பிழையின்றி ஓடும் அதே நிரல் தமிழிடம் தோற்கிறது. அந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் இதைத் தானே கண்டுபிடித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான். "சார், கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியல!" என்றான். இரண்டு நாள் கழித்து, துணைக்குறியோ புள்ளியோ வந்தால் அதனை முன் எழுத்தோடு ஒட்டிவிடு என்னும் கட்டளையைச் சேர்த்து அவனே சரிசெய்தான். தந்தையார் மூடி வைத்த ஏட்டின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது அதுதான்.

நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியபோதும், முத்து அண்ணாமலை எழில் மொழியை உருவாக்கி 2009இல் அதைப் பற்றி ஆய்வுத்தாள் எழுதியபோதும், கணினி தானே முன்வந்து தமிழைக் கற்றுக்கொள்ளவில்லை. தமிழ் எழுத்து எப்படி இயங்குகிறது என்று அறிந்த ஒருவர் உட்கார்ந்து அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்தையும் மனப்பாடமாக அறிந்த பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? தமிழ்ப்பள்ளியில்! அந்தப் பிள்ளைகள் கையில் துணுக்கு நிரலும் இருந்தால், இந்தப் பணி நாளை ஆளின்றி நிற்காது.

தேர்வில் வருமா?

"தேர்வில் வருமா?" என்பது மூன்றாவது கேள்வி. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே அகற்றப்பட்டுவிட்டது. அது போன பின்னும் அதன் அச்சம் மட்டும் நம் வீடுகளில் குடியிருக்கிறது. தொடக்கப்பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திலேயே நிரலாக்கம் இடம்பெற்றுள்ளது. இடைநிலைப்பள்ளியில் 2017 முதல் முதல் படிவத்திலேயே கணினி அறிவியல் அடிப்படை அறிமுகமானது. ஆகவே, தேர்வைக் காரணம் காட்டினாலும் வழக்கு என் பக்கமே நிற்கிறது.

நான்காவது கேள்வி இக்காலத்துக்கே உரியது. "2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்துவிட்டது. கேட்டால் நொடியில் நிரல் எழுதித் தருகிறது. இனி எதற்குத் துணுக்குகளைச் சேர்ப்பது?" கேள்வி நியாயமானதே. ஆனால், தரப்பட்ட நிரல் சரியா என்று யார் பார்ப்பது? விகடகவியை ஒருமுறை இட்டுச் சோதிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கையால் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவனுக்கே தோன்றும். கணிப்பான் வந்த பின்னும் நாம் வாய்ப்பாட்டை விடவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தெரிந்தவனால்தான் கணிப்பானில் 506 என்று வந்தால், விசையைத் தவறாக அழுத்திவிட்டோம் என்று அறிய முடியும்.

சேர்ப்பது வேறு, குவிப்பது வேறு

எதிர்த்தரப்பில் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறைத்தால் நான் நேர்மையற்றவன் ஆவேன். துணுக்கு சேர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வெறுமனே படியெடுத்துக் குவிப்போரும் நம்மிடையே உண்டு. புலனத்தில் வந்ததைப் புலனத்தில் அனுப்புவார்கள். விரலியில் ஆயிரம் கோப்பு வைத்திருப்பார்கள். ஒன்றையும் இயக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் அந்தக் குற்றத்தைச் செய்தவனே. தொடக்கத்தில் நிரல்களை அச்சிட்டுத் தாளாகக் கொடுத்தேன். பிள்ளைகள் தட்டெழுதினார்கள், ஓடியது, மறந்தார்கள். ஓர் ஆண்டு வீணாயிற்று. அதன் பிறகே பின்வரும் விதிகளை வகுத்துக்கொண்டேன்:

1. இயக்கிப் பார்க்காத துணுக்கு ஏட்டில் ஏறக்கூடாது.

2. ஓர் எண்ணையோ சொல்லையோ மாற்றி இயக்கி, என்ன ஆனது என்று எழுத வேண்டும். 36ஐ 30 ஆக்கிப் பார்த்ததுபோல.

3. அது என்ன செய்கிறது என்பதை நல்ல தமிழில் இரண்டு வாக்கியங்களில் எழுத வேண்டும். எழுத இயலாவிட்டால் விளங்கவில்லை என்று பொருள்.

4. யாரிடமிருந்து, எங்கிருந்து எடுத்தது என்பதையும் நாளையும் குறிக்க வேண்டும். பிறர் உழைப்பைத் தன் பெயரில் எழுதுவது பிள்ளையாயினும் ஆசிரியராயினும் திருட்டே.

5. ஒரு துணுக்கையாவது இரண்டு மொழிகளில் எழுதி ஒப்பிட வேண்டும். உலகெங்கும் பலர் செய்துவருவதே இது. 2007இல் தொடங்கப்பெற்ற 'ரொசெட்டா கோடு' தொகுப்பு, ஒரே பணியைப் பல நிரல் மொழிகளில் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது. ஒரே செய்தியை மூன்று எழுத்து வடிவங்களில் தாங்கிய எகிப்தியக் கல்லின் பெயர் அதற்கு ஏன் பொருந்துகிறது என்று பிள்ளைகளுக்கு விளக்குங்கள்.

இதற்குப் பணம் தேவையில்லை. இயந்திர மனிதன் பெட்டி தேவையில்லை. ஒரு பயிற்சி ஏடு, பள்ளியில் உள்ள ஏதேனும் ஒரு கணினி, வாரத்திற்கு அரை மணி நேரம் போதும். கோப்பை வென்று நாளிதழில் படம் வருவதை நான் குறை கூறவில்லை, வரட்டும். ஆனால், போட்டிக்குச் செல்வோர் பள்ளிக்கு நான்கு பேர். எஞ்சிய பிள்ளைகளின் கையில் என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி.

'உருப்படியாக ஒரு செயலி' கேட்ட அந்தத் தந்தையாருக்கு ஒரு சொல். ஐயா, செயலி என்பது ஆயிரம் துணுக்குகள் கூடிக் கட்டிய வீடு. உங்கள் மகன் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு செங்கலைக் கணினியே பிழையாக அறுத்திருப்பதைக் கண்டு, தானே திருத்தியும் வைத்தான். அந்த மூன்றாம் பக்கத்தை மட்டும் இன்னொரு முறை திறந்து பாருங்கள். அவனையே அருகில் அமர்த்திக்கொண்டு, 'விகடகவி' என்று தட்டச்சு செய்யச் சொல்லிப் பாருங்கள். முதலில் கணினி 'இல்லை' என்னும். அடுத்த நிரலில் 'ஆம்' என்னும். இடையில் என்ன நடந்தது என்று அவனைக் கேளுங்கள்.

அவன் விளக்கி முடித்த பின்னும் அது வெட்டி வேலை என்றே தோன்றினால், ஏட்டை என்னிடம் கொடுத்துவிடுங்கள். நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவன் கேட்கும் நாளில் திருப்பிக் கொடுப்பேன்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்